முதுகலை ஆய்வேடு எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் எம்.ஏ., எம்.காம்., எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் பலர் கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டியிருக்கிறது. மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை கூட்டிக்கொண்டு போகிறேன். சமூகவியல், பொருளியல், சமூகப்பணி மாணவர்களுக்கு அது நேராகப் பொருந்தும். இலக்கியமோ வரலாறோ படிப்பவர்கள், நான் சந்தை என்று சொல்லும் இடத்தில் தங்கள் நூலையோ ஆவணத்தையோ வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் கேள்வி வேண்டும். அது கிடைத்துவிட்டால் தலைப்பு வைப்பது அரைமணி நேர வேலை.

மதுரையில் படிக்கும் ஒரு மாணவி ‘கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் பெண்கள் முன்னேற்றமும்’ என்ற தலைப்போடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வந்தது. ஆய்வு செய்ய வேண்டிய விஷயம்தான். ஆனால் இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு ஒரு பருவத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பெண்கள்? எந்த ஊர்? முன்னேற்றம் என்றால் வருமானமா, படிப்பா, வீட்டில் அவர்கள் பேச்சு எடுபடுவதா? இதில் எதையும் முடிவு செய்யாமல் எழுத உட்கார்ந்தால், பாதி ஆய்வேடு திட்டத்தின் வரலாறாகவும் மீதி சதவீத அட்டவணைகளாகவும் முடியும். அப்படிப்பட்ட ஆய்வேடுகளை நிறையப் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை, வெயிலில் அலைந்து உழைத்தவர்கள். கேள்வி அகலமாக இருந்ததால் அத்தனை உழைப்பும் கரைந்துபோனது. அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும்.

அந்த மாணவியிடம் நான் கேட்பது இதுதான்: இந்தத் தலைப்பு உங்களுக்கு எப்படித் தோன்றியது? தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர், “முன்னாடி பஸ்சுக்குக் குடுத்த காசுக்கு இப்ப கூடக் கொஞ்சம் பூ எடுக்கேன்” என்று சொன்னதிலிருந்து என்கிறார். கேள்வி அங்கேதான் இருக்கிறது. ‘பேருந்துக் கட்டணம் நீங்கிய பிறகு, மாட்டுத்தாவணி பூச்சந்தையில் உதிரிப்பூ வாங்கிக் கட்டி விற்கும் பெண்கள், சந்தைக்கு வரும் நேரத்தையும் வாங்கும் அளவையும் மாற்றிக்கொண்டார்களா? மாற்றியிருந்தால் எதனால்?’ இப்போது ஒரு சந்தை, ஒரு தொழில், விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய இரண்டு மாற்றங்கள் கையில் இருக்கின்றன. ஒருவரால் ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இவ்வளவு சின்னக் கேள்வி போதுமா? துறையில் ஏற்றுக்கொள்வார்களா?

போதும். போக்குவரத்துச் செலவு குறைந்தால் ஏழைப் பெண்களின் தொழில் மாறுமா என்ற பெரிய கேள்வியைத்தான் நீங்கள் பூச்சந்தையில் நின்று கேட்கிறீர்கள். முன்னுரையில் இரண்டு பத்தியில் அந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டால் துறையில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி சரியானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்று உண்டு. அதற்கு ‘இல்லை’ என்ற பதிலும் வர இடமிருக்க வேண்டும். ‘பெண்கள் முன்னேற்றத்தில் விடியல் பயணத்தின் பங்கு’ என்றால் பங்கு இருக்கிறது என்று முன்பே சொல்லியாகிவிட்டது, ஆய்வு எதற்கு? பூ வாங்கும் அளவு மாறியதா என்று கேட்டால், மாறவில்லை என்றும் தெரியவரலாம். இலக்கியத்திலும் இதே கதைதான். ‘இன்னார் சிறுகதைகளில் சமூகப் பார்வை’ என்ற தலைப்பு எந்த எழுத்தாளருக்கும் பொருந்தும், எந்தப் பதிலும் வராது.

நான்கு மாதத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அச்சு, பைண்டிங், கையெழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். கடைசி வாரத்தில் ஊரில் உள்ள அத்தனை மாணவர்களும் அதே ஜெராக்ஸ் கடையில்தான் நிற்பார்கள். அதற்கு முன் நெறியாளர் முழுப் பிரதியையும் படிக்க இரண்டு வாரம், அவர் சொன்னதைத் திருத்த ஒரு வாரம். ஆக, எழுத்து வேலை சமர்ப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். மிச்சமிருக்கும் மூன்று மாதத்தில்தான் களம், வாசிப்பு, எழுத்து மூன்றும்.

இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்காதீர்கள். ‘முதலில் எல்லாம் படித்து முடிக்கிறேன், பிறகு எழுதுகிறேன்’ என்பவர்கள் படித்து முடிப்பதே இல்லை. முதல் வாரத்திலிருந்தே தினம் அரைப் பக்கம் எழுதுங்கள். இன்று படித்ததில் என் கேள்விக்கு என்ன கிடைத்தது, சந்தையில் இன்று யார் என்ன சொன்னார்கள். இந்தக் குறிப்புகளில் பாதி அப்படியே இயல்களுக்குள் போய்ச் சேரும்.

அப்புறம், களத்துக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. அதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான்காம் பருவம் பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை எங்கேயோ போய்விடும். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வந்து விலையை இன்னும் ஏற்றும். அந்த நேரத்தில் மட்டும் சந்தையில் நின்று, “நீங்கள் எவ்வளவு பூ வாங்குகிறீர்கள்?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் பூவிலையைப் பற்றியது, பேருந்தைப் பற்றியது அல்ல. வெயில் ஏறி வரத்து கூடும் பங்குனியிலும் ஒரு முறை போயாக வேண்டும், அல்லது மூன்றாம் பருவத்திலேயே களத்தைத் தொடங்க வேண்டும். நெல், மீன், பள்ளிக்கூடம், கோயில் திருவிழா என எதை ஆராய்ந்தாலும் அதற்கான நாட்காட்டியை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாய்வுகளை எங்கே தேடுவது?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் இலவசமாகப் படிக்க ஷோத்கங்கா இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் அதில் ஏராளம். உங்கள் பொருளுக்கு நெருக்கமான ஓர் ஆய்வேடு கிடைத்தால் முதலில் அதன் துணைநூற்பட்டியலைப் படியுங்கள், அடுத்து எதைத் தேட வேண்டும் என்று அது சொல்லிவிடும். ஷோத்கங்காவில் இருக்கிறது என்பதற்காக எல்லாம் தரமானது என்று நம்பிவிட வேண்டாம்.

பழைய தமிழ் நூல்கள், இதழ்கள் தேவைப்படுபவர்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவானது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி எழுதுபவர்கள் அங்கே ஒரு முறையாவது போகாமல் எழுதக்கூடாது என்பது என் கருத்து. எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும், அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. காப்பகத்துக்குப் போகும்போது துறைத்தலைவரின் கடிதத்தைக் கையில் எடுத்துப் போங்கள். வீட்டிலிருந்தே படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், இலங்கை நூல்களுக்கு நூலகம் தளமும் உண்டு.

நம் எடுத்துக்காட்டுக்கு வந்தால், விடியல் பயணத்தைப் பற்றி மாநிலத் திட்டக் குழுவே ஆய்வு செய்திருக்கிறது. அதைப் படிக்காமல் களத்துக்குப் போகக்கூடாது. திட்டத்தால் பெண்களுக்கு என்ன மிச்சமாகிறது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மிச்சமான காசு தொழிலுக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பூச்சந்தையில் நீங்கள் பார்க்கலாம்.

முன்னாய்வு இயலை எப்படி எழுதுவது?

‘இன்னார் (2015) தம் ஆய்வில் இவ்வாறு கூறுகிறார். இன்னார் (2017) இவ்வாறு கூறுகிறார்’ என்று முப்பது பத்தி அடுக்குவதுதான் வழக்கமாக இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. ஆட்களை வைத்துப் பிரிக்காமல், அவர்கள் சொன்னதை வைத்துப் பிரியுங்கள். கட்டணச் சலுகை பெண்களின் நடமாட்டத்தைக் கூட்டுகிறது என்பவர்கள் ஒரு பக்கம், சலுகையைவிடப் பேருந்து நேரத்துக்கு வருவதுதான் முக்கியம் என்பவர்கள் இன்னொரு பக்கம். இருவரும் எங்கே மோதுகிறார்கள், யாரும் பார்க்காமல் விட்டது என்ன, அதில் உங்கள் கேள்வி எங்கே உட்காருகிறது. இயல் இந்த வரிசையில் போனால் பத்துப் பக்கம் போதும்.

படிக்காத நூலைப் படித்ததுபோல் காட்டாதீர்கள். வேறொருவர் மேற்கோள் காட்டியதிலிருந்து எடுத்திருந்தால் அதையும் அப்படியே குறிப்பிடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? நூறு பேர் வேண்டும் என்கிறார்களே?

நூறு என்பது எங்கிருந்து வந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், பதில் வராது. சதவீதம் போடச் சுலபமாக இருக்கிறது என்பதைத் தவிர அந்த எண்ணுக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. சந்தைக்கு வரும் பெண்களில் எத்தனை பங்கு பேர் மாறினார்கள் என்று சொல்ல வேண்டுமானால், மொத்தம் எத்தனை பேர் வருகிறார்கள், யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கணக்கு வேண்டும். வழியில் கிடைத்த நூறு பேரிடம் கேட்டுவிட்டு ‘மதுரைப் பெண்களில் 72 சதவீதம்’ என்று எழுதுவது தவறு. அந்த நூறு பேரில் 72 பேர், அவ்வளவுதான்.

எதனால் மாறினார்கள், எப்படி மாறினார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இருபது பேரிடம் நிதானமாகப் பேசுவது நூறு படிவத்தைவிட மேல். பேசப் பேசப் புதிதாக எதுவும் வராமல், முன்பு கேட்டதே திரும்ப வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தலாம். எந்த வழியை எடுத்தாலும் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். தேர்வாளர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

வினாநிரல் தயாரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஐந்து பேரிடம் முன்சோதனை செய்யாமல் அச்சடிக்காதீர்கள். ‘தங்கள் மாத வருமானம் என்ன?’ என்ற கேள்விக்குப் பூ விற்பவரிடம் பதில் இருக்காது, அவர் கணக்கு அன்றாடக் கணக்கு. இன்று எத்தனை கிலோ எடுத்தீர்கள், எத்தனை முழம் வந்தது, எவ்வளவுக்கு விற்றது, கடனுக்கு வட்டி எவ்வளவு போனது என்று கேட்டால் விரல்விட்டுச் சொல்வார். மக்கள் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்களோ அப்படிக் கேளுங்கள்.

இந்த எடுத்துக்காட்டில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ‘திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்’ என்று கேட்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் திட்டம் வந்தது 2021 மே 8. அடுத்த இரண்டே நாளில், மே 10 அன்று, கொரோனா இரண்டாம் அலைக்காகத் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டும் இயல்பான ஆண்டு இல்லை. அப்படியானால் ‘முன்’ என்பது எந்த ஆண்டு? 2019ஐ எடுத்தால் அது பல வருடம் பழைய நினைவு, பூவிலையும் அப்போதிருந்த விலை இல்லை. எனவே முன்பின் ஒப்பீட்டை மட்டும் நம்பாமல், நகரப் பேருந்து ஓடும் ஊரிலிருந்து வரும் பெண்களையும், அது ஓடாத ஊரிலிருந்து வரும் பெண்களையும் இன்றைய தேதியில் ஒப்பிடலாம். அதிலும் குறை உண்டு, இரண்டு ஊர்களும் மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்காது. இந்தக் குறைகளை நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டால் ஆய்வேட்டின் மதிப்பு கூடும். நான் படித்த நல்ல ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பக்கம் இருந்தது.

பேசத் தொடங்கும் முன் நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வெளிவராது என்பதைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பதிவு செய்வதாக இருந்தால் அதையும் கேளுங்கள். வியாபாரம் சூடாக இருக்கும் விடியற்காலையில் போய் நிற்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு நேரம்.

நெறியாளர் நேரமே தருவதில்லை. என்ன செய்வது?

அவரிடம் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், வகுப்பும் உண்டு. “சார், எப்படிப் போகலாம்?” என்று வெறும் கையோடு போனால் “போய்ப் படிச்சிட்டு வா” என்றுதான் சொல்வார். இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள், கூடவே ஒரே ஒரு கேள்வி. ‘இந்த இரண்டு ஊர்களை ஒப்பிடலாமா, மேடம்?’ என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். அவர் சொன்னதை அன்றைக்கே எழுதித் தேதி போட்டு வையுங்கள். அவர் உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றால், துறையில் வேறு ஆசிரியரிடம் படித்துப் பார்க்கக் கேட்பதில் தப்பில்லை, ஆனால் நெறியாளருக்குத் தெரியச் செய்யுங்கள்.

தமிழில் எழுதினால் என்னென்ன சிக்கல் வரும்?

உங்கள் பல்கலைக்கழகம் அனுமதித்தால் தமிழில் எழுதுங்கள். பேட்டிகள் தமிழில் இருக்கும்போது அவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் பாதி உயிர் போய்விடும். ‘கைமாத்து’, ‘கந்து’, ‘தண்டல்’ மூன்றும் மூன்று விதமான கடன். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். பேட்டியில் சொன்னதை மேற்கோளாகத் தரும்போது பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்தாதீர்கள்.

எழுத்துருதான் தலைவலி. டி.டி.பி. கடைகளில் இன்னமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. நீங்கள் முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறிவிடும், தேடினாலும் சொல் கிடைக்காது. துணைநூற்பட்டியலை முதல் நூலிலிருந்தே சொட்டீரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து வாருங்கள். கடைசி இரவில் பதிப்பாண்டு தேடி நூலகக் கதவைத் தட்ட முடியாது.

முதலில் எந்த இயலை எழுதுவது?

களத்தில் கண்டதை. அடுத்து ஆய்வு முறை. முன்னுரை கடைசியில்.

எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

பல்கலைக்கழக விதியில் இருப்பது எவ்வளவோ அவ்வளவு. குண்டாகத் தெரிய வேண்டும் என்று அரசாணைகளை முழுசாகப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டாம்.

ஒப்புமைச் சோதனையில் எத்தனை சதவீதம் வரலாம்?

உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. அந்தச் சதவீதத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் இப்படிப் பிரிக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடத் தர முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவை கணக்கில் வராது.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்து, யாருடையது என்று சொல்லாமல் சேர்த்தால் மென்பொருள் பிடிக்காமல் போகலாம். அப்போதும் அது திருட்டுத்தான். சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைப்பதும் அதே வகை. நூலை மூடி வைத்துவிட்டு, அதில் புரிந்ததை உங்கள் வார்த்தையில் எழுதி, அடிக்குறிப்புப் போடுங்கள். சதவீதம் தானே இறங்கும்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

முதலில் உங்கள் துறையின் விதியைக் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் இரண்டு விஷயத்தில் விழிப்பு வேண்டும். இல்லாத நூலை, இல்லாத ஆண்டோடு, நம்பும்படி எழுதித் தரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. ஆகவே நீங்கள் கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பேட்டிகளையும் பெயர்களையும் அதில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், பெயர் வெளிவராது என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

என் கருதுகோள் தவறாகிவிட்டது. ஆய்வேடு வீணா?

வீணே இல்லை. கட்டணம் போனதால் பெண்கள் அதிகம் பூ வாங்குகிறார்கள் என்று நினைத்துப் போனீர்கள். அங்கே போனால், அவர்கள் சந்தைக்கு வரும் இருட்டு நேரத்தில் நகரப் பேருந்தே இல்லை, ஷேர் ஆட்டோவில் காசு கொடுத்து வந்து, திரும்பும்போது மட்டும்தான் பேருந்தில் போகிறார்கள் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணமில்லாப் பேருந்து தேவையான மணி நேரத்தில் ஓடுகிறதா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பிவிட்டீர்கள். போக்குவரத்துக் கழகத்தில் கால அட்டவணை போடுபவருக்குப் பயன்படும் முடிவு அது. நினைத்தது வரவில்லையே என்று எண்களைத் தட்டிக்கொட்டி நிமிர்த்தாதீர்கள். நினைத்தது இது, கண்டது இது என்று எழுதுங்கள்.

எம்.ஃபில். சேர்ந்து நிதானமாக ஆய்வு கற்றுக்கொள்ளலாமா?

2022 நவம்பரில் வந்த மானியக் குழு விதிமுறைகள், எம்.ஃபில். படிப்பை இனி நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டன. முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு அதற்கு முன் கிடைக்கும் பயிற்சி இந்த முதுகலை ஆய்வேடுதான்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

ஏன் இந்தச் சந்தை, ஏன் இத்தனை பேர், உங்கள் முடிவை நம்பாதவருக்கு என்ன சொல்வீர்கள். பெரும்பாலும் இவற்றைச் சுற்றித்தான் இருக்கும். முந்தின நாள் உங்கள் ஆய்வேட்டையே ஒரு முறை முழுதாகப் படியுங்கள். பிழை கண்ணில் பட்டால் பிழைதிருத்தப் பட்டியல் ஒரு தாளில் எடுத்துப் போய் நீங்களே கொடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், அதை நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைத்து நான் பார்த்ததில்லை. சுற்றி வளைத்து மழுப்பியவர்களுக்குக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு ஏதாவது தர வேண்டுமா?

தாருங்கள். பணம் இல்லை, நீங்கள் கண்டதை இரண்டு பக்கத்தில், எளிய தமிழில். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பகல் பதினொரு மணிக்கு மேல் போனால் பூக்கட்டிக்கொண்டே கேட்பார்கள். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்கள். அதனால் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பே போய்விடுங்கள்.